ஈரப்பதம் கழித்து

போருக்கு முன் நான் எடைக்காரன்.
சஸ்காச்சுவானில், ரயில் பாதையோரம்
சிவப்புச் சாயம் பூசிய தானியக் கிடங்கில்
வண்டி வண்டியாய் வந்திறங்கும் கோதுமையை
ஒரு பிடி அள்ளி, ஒரு மணி கடித்து,
பதர் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு என்று
கழித்துச் சீட்டு எழுதுவேன்.
என் காது கேட்க யாரும் திட்டியதில்லை.

கம்பெனிக் கணக்கு என் கைக்கு வந்தது அப்படித்தான்.
"கூட்டத் தெரியுமா?"
"கழிக்கத்தான் பழக்கம், ஐயா."
கேப்டன் சிரித்தார்.
முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி அவருக்கு.
அவரையும் பிறகு கழித்தேன்.

பாஸ்செண்டேல்:
மேட்டின் மேல் செங்கல் பொடியால் ஒரு கறை.
அதுதான் ஊராம்.
எங்களுக்கும் அதற்கும் நடுவே குண்டுக்குழிகள்,
குழிக்கும் குழிக்கும் நடுவே வரப்பளவு சேறு,
அதன் மேல் பலகைப் பாதை, இரண்டு பூட்ஸ் அகலம்.
தோட்டாப் பெட்டி சுமந்த கோவேறு கழுதை ஒன்று
பக்கவாட்டில் சரிந்தது.
காதுகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.
வரிசை நிற்கவில்லை.

வின்னிபெக் ஏரியில் மீன்பிடித்த தோர்லாக்கூர்
மெல்லிய பனிக்கட்டி மேல் போகிறவன் போலப் போனான்,
ஒவ்வொரு பலகையையும் குதிகாலால் தட்டிக் கேட்டு.
லாஃப்ரன்வாஸ் தன் காலுறையைக் கழற்றி
இயந்திரத் துப்பாக்கியின் வாயில் மாட்டியிருந்தான்;
ஒரு கால் வெறுங்காலாய் பூட்ஸுக்குள்.
பத்தொன்பது வயது டோலண்டுக்கு
முதுகில் பிரம்புக்கூடை, உள்ளே இரண்டு புறாக்கள்.
அவன் அப்பாவின் கோதுமைக்கு
நாலு அறுவடை எடை போட்டவன் நான்.
அவன் அதைப் பேசவில்லை. நானும்தான்.

ரம் வரும் முறையைச் சொல்ல வேண்டும்.
இன்றைய தலைக்கணக்கை இன்று அனுப்பினால்
நாளைய ஜாடி அதன்படி வரும்.
ஆளுக்கு இரண்டு கரண்டி.
நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினேன்.

விடியலில், ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
பீரங்கிகள் தொடங்கின.
அவர்கள் மேட்டில் ஏறினார்கள்.
ஏறினார்கள் என்பது தவறு.
புதைந்த காலை இரண்டு கையாலும் பிடுங்கி
ஒரு முழம் தள்ளி நட்டார்கள்,
பிறகு அடுத்த காலை.

இருட்டும்போது முப்பத்தொன்று.
இறந்தோர் இருபத்து மூன்று. காயம் நாற்பது.
காணவில்லை, பதினெட்டு.
காணவில்லை என்று நான் எழுதிய பதினெட்டுப் பேரும்
எங்கே இருக்கிறார்கள் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
கூடை கிடைத்தது. ஒரு புறாவுக்கு உயிர் இருந்தது.

ஜாடி நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வந்தது.
முப்பத்தொரு பேர் குடித்தார்கள்.
ஆளுக்கு ஏழு கரண்டி, அடியில் கொஞ்சம் மிச்சம்.
ஒருவனுக்கும் ஏறவில்லை.
ஐந்தாவது கரண்டியில் லாஃப்ரன்வாஸ் குவளையை நீட்டி
"இது யாருடையது?" என்றான்.
கேலிக்குத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன்.
நான் புத்தகத்தைத் திறந்து
பெயர் தேடினேன்.

திரும்பி வந்தேன். அதே கிடங்கு, அதே தராசு.
இரண்டாவது இலையுதிர்காலம்
டோலண்டின் அப்பா வண்டியை நிறுத்தினார்.
அந்த வருடம் கதிர்க்கட்டுகள் வயலிலேயே நனைந்திருந்தன.
ஒரு மணி கடித்தேன். பல்லில் மாவாய் ஒட்டியது.
சீட்டில் எழுதினேன்: ஈரப்பதம், இல்லை.

படித்தார்.
வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி படித்தார்.
"மூன்று வாரம் மழையில் கிடந்தது தம்பி இது.
ஒழுங்காகக் கழி."

கழித்தேன்.
நூற்றுக்கு நாலு.
கையெழுத்துப் போட்டார், இடது கையால்.
சம்பளப் புத்தகத்தில்
அவனும் அந்தக் கையால்தான் போடுவான்.